மாலை வகுப்பில் எழுந்த வினா: பண்பாட்டாய்வின் பிறப்பும் பின்வரலாறும்

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிற் பண்பாடு என்னும் சொல் ஒலிக்காத உரை அரிது. அச்சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவன கோயிற் கோபுரம், பரதநாட்டியம், சங்க இலக்கியம், குத்துவிளக்கு முதலியன. அவ்விழாவுக்குப் பந்தல் போட்டவரும், கதிரை சுமந்தவரும், வாயிலிற் கச்சான் விற்ற பெண்ணும் அன்றிரவு வீடு சென்று எதைக் கேட்டுச் சிரித்தனர், எதைப் பார்த்து அழுதனர், எந்தப் பாட்டைப் பாடிப் பிள்ளையை உறங்கவைத்தனர் என்பன அச்சொல்லின் எல்லைக்குள் வருவதில்லை. அவை பொழுதுபோக்கு, அல்லது சீரழிவு. பண்பாடு சிலரிடம் உண்டு, பலரிடம் இல்லை. இல்லாதவர்க்கு உள்ளவர் மனமிரங்கி வழங்க வேண்டும் என்ற எண்ணமே நமது கல்விக்கூடங்களின் பேசப்படாத அத்திவாரமாக இருந்துவருகிறது.

இவ்வெண்ணம் நமக்கு மாத்திரம் உரியதன்று. நம்மை ஆண்டவரின் நாட்டிலும் அதுவே ஆட்சி செலுத்தியது. அதனை எதிர்த்து அங்கு கிளம்பிய ஓர் ஆய்வுமுறையே இன்று பண்பாட்டாய்வு என்ற பெயருடன் உலகின் பல பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றுள்ளது. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும், விளம்பரமும் உடையும், உதைபந்தாட்டமும் வார இதழ்த் தொடர்கதையும் அதன் ஆய்வுப்பொருள்கள். அத்துறையின் அறிமுக நூல்கள் பெரும்பாலும் 1964ஆம் ஆண்டையும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தையும் கூறித் தொடங்கும். அது பிழையன்று; ஆயினும் பாதி வரலாறே. வினா பிறந்த இடம் பல்கலைக்கழகமன்று. பகலெல்லாம் வேலைத்தலத்தில் உழைத்தவர்கள் மாலையில் வந்து அமர்ந்த வகுப்பறைகளிலேயே அது பிறந்தது. அத்துறையின் மூலவருள் ஒருவராகக் கருதப்படும் றேமண்ட் வில்லியம்ஸ் தமது வாழ்வின் இறுதிக்காலத்தில், 1986இல் ஆற்றிய உரையொன்றில் இதனையே அழுத்திக் கூறினார். தமது நூல் உட்பட மூன்று நான்கு நூல்களிலிருந்து துறையின் வரலாற்றைத் தொடங்குவது தவறு. அந்நூல்களுக்கு முன்னரே முதியோர் கல்வி வகுப்புகளில் அவ்வேலை நடந்துகொண்டிருந்தது என்பது அவர் வாதம். இக்கட்டுரை அவ்வாதத்தைப் பின்பற்றிச் செல்கிறது.

முதலில் எதிர்த்தரப்பினைக் காண்போம். மத்தியூ ஆர்னல்ட் கவிஞர், திறனாய்வாளர். அவற்றைவிட நமக்கு முக்கியமானது, அவர் 1851 முதல் 35 ஆண்டுகள் பாடசாலைப் பரிசோதகராகக் கடமையாற்றியமை. 1866இல் வாக்குரிமை கேட்டு இலண்டன் ஹைட் பூங்காவிற் கூடிய தொழிலாளரைப் பொலிசார் தடுக்க, பூங்காவின் இரும்புவேலி சரிந்தது. அடுத்த ஆண்டு நகரத் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் வாக்குரிமை பெற்றனர். 1869இல் ஆர்னல்டின் "பண்பாடும் அராஜகமும்" என்ற நூல் வெளிவந்தது. தலைப்பே கருத்தினைக் கூறிவிடுகிறது. வேலியைச் சரித்த கூட்டம் அராஜகம். மனித சிந்தனையின் மிகச்சிறந்த விளைச்சலே பண்பாடு. முன்னதற்குப் பின்னது மருந்து. ஆர்னல்ட் இழிந்த மனிதர் அல்லர். பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்கும் கொடிய முறையை அரசாங்க ஊழியராக இருந்துகொண்டே எதிர்த்தவர் அவர். ஆசிரியர்கள் அதனை மறத்தலாகாது. எனினும், வேலியைத் தள்ளியவர்களிடமும் ஒரு வாழ்க்கைமுறை, பாட்டு, நகைச்சுவை, நீதியுணர்வு இருக்கக்கூடும் என்ற ஐயம் அவர் நூலில் எழவில்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து கேம்பிரிட்ஜில் எவ். ஆர். லீவிஸ் அதே கொடியை ஏந்தினார். 1930இல் அவர் வெளியிட்ட சிறுநூல், பண்பாட்டைக் காப்போர் எக்காலத்தும் ஒரு சிறுபான்மையினரே என்றது. அவரும் அவர் மனைவி கியூ. டி. லீவிசும், 1932 முதல் 1953 வரை வெளிவந்த "ஸ்குறூற்றினி" என்ற சஞ்சிகையைச் சூழ்ந்திருந்தவர்களும் சினிமா, மலிவு நாவல், விளம்பரம் என்பவற்றைப் பகையாகவே கண்டனர். பழைய கிராமத்துத் தச்சனின் பட்டறையிற் பண்பாடு இருந்தது, தொழிற்சாலை அதை அழித்துவிட்டது என்பது அவர்கள் கட்டிய கதை. இக்கதை நமக்குப் பழக்கமானதே. சினிமாப் பாட்டு வந்தது, தமிழ் செத்தது என்று புலம்பும் பண்டிதர் எவரும் லீவிசின் ஒன்றுவிட்ட சகோதரரே. ஆயினும் லீவிஸ் குழுவினர் செய்த நன்மை ஒன்றுண்டு. பகையை ஆராய்வதற்காகவேனும் அவர்கள் பத்திரிகை விளம்பரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். ஒரு செய்யுளை வரிவரியாக ஆராய்வது போன்று சவர்க்கார விளம்பரத்தையும் ஆராயலாம் என்பதை 1933இலேயே பாடநூலாக எழுதிக் காட்டினர். பின்வந்தோர் அக்கருவியை எடுத்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்த கையின் வெறுப்பை மட்டும் விட்டனர்.

இனி மாலை வகுப்புகளுக்கு வருவோம். 1903இல் அல்பேட் மான்ஸ்பிறிட்ஜ் என்பவரும் அவர் மனைவியும் தொடங்கிய அமைப்பு தொழிலாளர் கல்விச் சங்கம் என்ற பெயரால் வளர்ந்தது. 1908இல் பருத்தியாலை நகரமான றொச்டேலிலும் மட்பாண்டத் தொழில் நகரமான லோங்டனிலும் ஆர். எச். ரோனி என்னும் பொருளியல் வரலாற்றாசிரியர் முதலாவது பல்கலைக்கழக நிலை வகுப்புகளை நடத்தினார். வகுப்பின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. மூன்று ஆண்டுகள், வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம். முதல் மணி விரிவுரை, இரண்டாவது மணி விவாதம். எதைக் கற்பது என்பதில் மாணவருக்கும் வாக்கு உண்டு. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, பதவி உயர்வு இல்லை. பரீட்சைக்கென்றே பிறந்து பரீட்சைக்கென்றே வாழும் நமது ரியூட்டரிகளில் நின்று பார்ப்பவருக்கு இது நம்பத்தகாத கதையாகத் தோன்றும்.

அந்த இரண்டாவது மணி நேரமே இத்துறையின் கருப்பை எனலாம். பல்கலைக்கழகத்துப் பதினெட்டு வயது மாணவன் ஆசிரியர் கூறியதை எழுதிக்கொள்வான். ஆலையிற் பத்து ஆண்டு உழைத்த நெசவாளியோ, மூன்று பிள்ளைகளின் தாயோ அவ்வாறு எழுதிக்கொண்டு போவதில்லை. இந்த நாவலில் என்னைப் போன்றவர் ஏன் வேலைக்காரராக மட்டும் வருகிறார், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் பத்திரிகையைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று அவர்கள் கேட்கக்கூடும். அவ்வினாவைத் தகுதியற்றது என்று தள்ளிவிட அங்கு பரீட்சையும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து இராணுவச் சேவையிலிருந்து மீண்ட இளைஞர் பலர் இவ்வகுப்புகளுக்கு ஆசிரியராயினர். அவர்களுள் மூவர் ஹொகார்ட், வில்லியம்ஸ், தொம்சன். மூவரும் இடதுசாரிகள், மூவரும் அக்காலத்து நிலையான பல்கலைக்கழகப் பதவிகளுக்கு வெளியே நின்றவர்கள்.

றிச்சர்ட் ஹொகார்ட் 1918இல் லீட்ஸ் நகரிற் பிறந்தவர். சிறுவயதிலே பெற்றோரை இழந்து, ஹன்ஸ்லெற் என்ற தொழிலாளர் குடியிருப்பிற் பாட்டியிடம் வளர்ந்தவர். 1946 முதல் 1959 வரை ஹல் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். 1957இல் வெளிவந்த அவரது "எழுத்தறிவின் பயன்கள்" என்ற நூலுக்கு அவர் முதலில் நினைத்திருந்த பெயர் "எழுத்தறிவின் துர்ப்பயன்கள்" என்பதாகும். அவதூறு வழக்குக்கு அஞ்சிய பதிப்பகத்தாரின் சட்டத்தரணிகள் மலிவு நாவல்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தருவதைத் தடுத்தமையால், ஹொகார்ட் தாமே அத்தகைய நாவற் பகுதிகளை இயற்றிச் சேர்த்தார் என்பது சுவையான செய்தி. போலியை இயற்றுமளவுக்கு அசலை அறிந்திருந்தார் என்பது அதன் பொருள்.

அந்நூலின் முற்பகுதி இன்றும் புதுமை குன்றாதது. ஒரே அடுப்பைச் சுற்றி அமையும் வாழ்க்கை, சிக்கனத்துக்கும் திடீர்ச் செலவுக்கும் இடையில் ஊசலாடும் தாய், 'அவர்கள்' என்ற ஒரு சொல்லால் முதலாளி, பொலிஸ், அதிகாரி அனைவரையும் சுட்டும் பேச்சு, தொழிலாளர் கழகத்தில் ஒன்றுகூடிப் பாடும் இரவு, பெண்கள் வாசிக்கும் மலிவுக் கதை இதழ் ஆகியன ஓர் இலக்கிய மாணவனின் கூர்மையுடன் அங்கு வாசிக்கப்படுகின்றன. அவ்விதழ்களின் கதைகள் தரமற்றவை என்று அவர் அறிவார். ஆனால் அவற்றை வாசிக்கும் பெண் தரமற்றவள் என்று அவர் கருதவில்லை. கதைக்கும் அவளுக்கும் இடையில் நடப்பது என்ன என்றே கேட்டார். அவ்வொரு கேள்வியில் ஆர்னல்டும் லீவிசும் கட்டிய மதிலில் வெடிப்பு ஏற்பட்டது.

பிற்பகுதி அவ்வளவு சிறந்ததன்று. 1950களின் புதிய வணிகப் பத்திரிகைகளையும், பாற்கடைகளில் இசைப்பெட்டிக்குக் காசுபோட்டு நிற்கும் இளைஞரையும் காணும்போது ஹொகார்ட் திடீரெனப் பாட்டியின் வீட்டு வாயிலில் நின்றுகொண்டு தலையசைக்கிறார். தாயின் மனத்துக்குள் நுழைந்தவர் மகனின் மனத்துக்குள் நுழைய மறுத்துவிட்டார். அவர் காலத்து இடதுசாரிகள் வேறொரு குறையையும் கண்டனர். இத்தனை நெருக்கமாகத் தீட்டிய தொழிலாளர் வாழ்விலே தொழிற்சாலை எங்கே, தொழிற்சங்கம் எங்கே என்று கேட்டனர். நியாயமான கேள்வியே.

அந்நூலில் ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பகுதி புலமைப்பரிசில் பெற்ற மாணவனைப் பற்றியது. குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் ஒரே அறையில், வானொலியும் பேச்சும் சூழ, மேசையின் ஒரு மூலையிலிருந்து வீட்டுப்பாடம் செய்யும் சிறுவன் அவன். படிக்கப் படிக்க வீட்டாரின் மொழி அவனுக்கு அந்நியமாகிறது; புதிய வர்க்கத்தின் மொழியோ சொந்தமாவதில்லை. இரு கரைகளுக்கும் இடையில், எக்கரைக்கும் உரியனாகாது, பரீட்சையிற் சித்தியெய்தும் திறன் ஒன்றையே துணையாகக் கொண்டு நிற்கிறான். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய மகாவித்தியாலயங்களும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை உயர்த்தின. அவ்வுயர்ச்சியை மறுப்பவன் மூடன். ஆனால், உயர்ந்த பிள்ளை தன் தந்தையின் பேச்சைக் கேட்டு வெட்கப்படக் கற்றதும் அதே பாடசாலையிலேதான் என்பதைப் பற்றி நாம் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

றேமண்ட் வில்லியம்ஸ் அவ்வாறு வெட்கப்பட மறுத்தவர். 1921இல் வேல்ஸ் எல்லைப்புறக் கிராமமான பண்டியிற் பிறந்த அவரின் தந்தை புகையிரதச் சமிக்ஞைக்காரர். 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்திற் பங்குகொண்டவர். புலமைப்பரிசில் மூலம் கேம்பிரிட்ஜ் சென்ற மகன், போரில் தாங்கிப் படையிற் பணியாற்றிய பின், 1946 முதல் 1961 வரை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவில் ஆசிரியராக இருந்தார். 1958இல் அவரது "பண்பாடும் சமுதாயமும்" வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரையிற் பண்பாடு சாதாரணமானது, எல்லாச் சமூகங்களிலும் எல்லா உள்ளங்களிலும் உள்ளது என்ற கருத்தை அவர் நிலைநாட்டினார். கேம்பிரிட்ஜ் தேநீர்க்கடையில் அமர்ந்து, தமது பேச்சாலும் பாவனையாலும் தாம் பண்பாடுடையவர் என்று காட்டிக்கொள்ளும் கூட்டத்தைப் பற்றி அதில் அவர் எழுதும் ஏளனம் வெகு சுகமானது. அத்தகைய கடைகள் கொழும்பிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு.

வில்லியம்ஸ் செய்த பெரும்பணி ஒரு சொல்லின் சரித்திரத்தை ஆராய்ந்தமை. பண்பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முதலிற் பயிர்வளர்ப்பைக் குறித்தது. பின்னர் மனத்தை வளர்ப்பதைக் குறித்தது. கைத்தொழிற் புரட்சியின்பின் ஒருபுறம் கலைகளையும் மறுபுறம் ஒரு மக்கட் கூட்டத்தின் முழு வாழ்க்கைமுறையையும் குறிக்கலாயிற்று. இம்மாற்றம் அகராதிக்காரரின் விளையாட்டன்று. இயந்திரமும் ஜனநாயகமும் வர்க்கமும் வந்தமையின் சுவடுகள் அச்சொல்லிற் பதிந்துள்ளன என்று அவர் காட்டினார். வெகுசனம் என்ற சொல்லையும் அவர் விடவில்லை. வெகுசனம் என்று ஒன்று உலகில் இல்லை, பிறரை வெகுசனமாகக் காணும் பார்வைகளே உள்ளன என்பது அவர் முடிவு. நெரிசலான மினிபஸ்ஸில் தொங்கிச் செல்லும் எவனும் தன்னை வெகுசனம் என்று எண்ணுவதில்லை. அவனுக்கு மற்றப் பயணிகளே வெகுசனம். இந்த எளிய உண்மையை ஒப்புக்கொண்டால், வெகுசன ரசனை தாழ்ந்தது என்று தொடங்கும் நமது மேடைப்பேச்சுக்களிற் பாதி நின்றுவிடும்.

மூன்றாமவர் ஈ. பி. தொம்சன். இவருடைய தந்தை வங்காளத்தில் மதபோதகராகவும் ஆசிரியராகவும் இருந்து, தாகூரைப் பற்றி எழுதியவர். மகன் 1948 முதல் 1965 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் யோர்க்சயரின் கம்பளி நகரங்களில் மாலை வகுப்பு நடத்தினார். 1956இல் ஹங்கேரியிற் சோவியத் படைகள் புகுந்ததும் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகினார்; மார்க்சியத்தை விட்டு விலகவில்லை. வில்லியம்ஸின் அடுத்த நூலுக்கு 1961இல் அவர் எழுதிய மதிப்புரை இத்துறையின் வரலாற்றில் ஒரு திருப்பம். பண்பாடு முழு வாழ்க்கைமுறை என்றால், அதில் யார் யாரை எதிர்த்து நின்றார் என்பது எங்கே? அது முழுப் போராட்டமுறையும் அல்லவா? என்று அவர் வினவினார்.

அவ்வினாவுக்கு அவரே தந்த விடை 1963இல் வெளிவந்த "ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் உருவாக்கம்" என்ற, 800 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். தொழிலாள வர்க்கம் ஆலையிலிருந்து தானாக வெளிவந்த பண்டமன்று. அது தன்னைத் தானே ஆக்குவதிலும் பங்குகொண்டது என்பது அதன் சாரம். கைத்தறி நெசவாளர், 1811-12இல் இயந்திரங்களை உடைத்த லட்டைற்றுகள், சிற்றூர்ச் சிறுகோயில்களின் போதகர்கள் முதலாக, தோற்றவர்கள் என்று வரலாறு ஒதுக்கியவர்களின் பாட்டும் கடிதமும் சபதமும் அங்கு சான்றாகின்றன. 1816இல் கொபெற் என்பவர் தமது பத்திரிகையை இரண்டு பென்சுக்கு வெளியிட்டபோது, எழுத்தறியாதவரும் மதுச்சாலையில் அமர்ந்து பிறர் வாசிக்கக் கேட்டனர். மேலோர் அதனை இரண்டு பென்சுக் குப்பை என்றனர். அந்தக் குப்பையிலிருந்தே ஒரு வர்க்கத்தின் அரசியல் அறிவு முளைத்தது. வடபகுதிக் கிராமங்களின் வாசிகசாலைத் திண்ணைகளில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பலர் கேட்ட வழக்கத்தை அறிந்தோர்க்கு இது விளங்கும். அத்திண்ணைகளில் அமர யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதியே.

இவ்விடத்தில் ஜமெய்க்காவின் கிங்ஸ்ரனில் 1932இற் பிறந்த ஸ்ருவர்ட் ஹோல் வருகிறார். புலமைப்பரிசில் பெற்று 1951இல் ஒக்ஸ்போர்ட் வந்த கறுப்பின இளைஞர். 1960இல் தொடங்கிய "நியூ லெஃப்ற் றிவியூ" சஞ்சிகையின் முதல் ஆசிரியர். அதற்கு முன்பின்னாக, தென் இலண்டனில் இரண்டாந்தரப் பாடசாலையொன்றிற் கற்பித்தவர். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பரீட்சையிற் பின்தங்கிய பெரும்பான்மைப் பிள்ளைகள் அனுப்பப்பட்ட பாடசாலை வகை அது. அப்பிள்ளைகள் மாலையில் என்ன பார்த்தனர்? 1955 செப்ரெம்பரில் பிரித்தானியாவில் வர்த்தகத் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் கலங்கினர். 1960 ஒக்ரோபரில் பிரித்தானியத் தேசிய ஆசிரியர் சங்கம் வெகுசனப் பண்பாட்டைப் பற்றி ஒரு மாநாடே கூட்டியது. சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் மட்டுமே சங்கம் என்றிருக்கும் நமக்கு இது சிந்தனைக்குரியது. அம்மாநாட்டின் தூண்டுதலில் ஹோலும் பாடி வானெல் என்பவரும் 1964இல் எழுதிய "ஜனரஞ்சகக் கலைகள்" ஆசிரியருக்கான கைநூல் போன்றது. ஜாஸ் இசையிலும் சினிமாவிலும் நல்லதும் உண்டு தீயதும் உண்டு. சினிமாவையும் சேக்ஸ்பியரையும் ஒப்பிட்டுச் சினிமாவைத் தாழ்த்துவது வீண். நல்ல சினிமாவையும் தீய சினிமாவையும் ஒப்பிடக் கற்பியுங்கள் என்றது அந்நூல். முழுமையான விடை அல்ல. ஜாஸுக்குக் கிடைத்த மதிப்பு இளைஞரின் பொப் இசைக்கு அங்கு கிடைக்கவில்லை. எனினும் வகுப்பறைக்கு உகந்த முதலடி.

அதே 1964இற்றான் ஹொகார்ட் பேர்மிங்ஹாமில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை நிறுவினார். அதற்குப் பணம் தந்தவருள் முதன்மையானவர் பெங்குவின் பதிப்பகத்தின் அலன் லேன். 1960இல் லோறன்ஸின் நாவல் மீதான ஆபாச வழக்கில் ஹொகார்ட் சொன்ன சாட்சியத்தை அவர் மறக்கவில்லை. சில ஆண்டுகளில் ஹொகார்ட் யுனெஸ்கோவுக்குச் செல்ல, மையம் ஹோலின் பொறுப்பாயிற்று. மாணவரும் ஆசிரியரும் குழுவாக ஆராய்ந்தனர், குழுவாக எழுதினர், தட்டச்சுச் செய்து பெருக்கிய தாள்களாக வெளியிட்டனர். 1978இல் அங்கிருந்த பெண்களே, இளைஞர் பண்பாடு என்று நீங்கள் ஆராய்வதெல்லாம் ஆண் இளைஞரையே என்று கண்டித்துத் தொகுப்பு நூல் வெளியிட்டனர். மையத்தின் எல்லா வெளியீடுகளையும் இங்கு கூறுவது வேண்டாத வேலை. இரண்டினைக் கூறுவேன்.

போல் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலக் கைத்தொழில் நகரமொன்றின் பாடசாலையில் 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களைப் பற்றியது. அவர்கள் ஆசிரியரை ஏய்ப்பர், பகிடி பண்ணுவர், கீழ்ப்படிந்து படிப்போரைக் 'காதுகள்' என்று நகையாடுவர். கேட்டுக்கொண்டிருப்பதல்லால் வேறெதுவும் செய்யாதவர் என்பது அதன் கருத்து. ஆசிரியரின் கண்ணுக்கு இது குழப்படி. வில்லிஸ் அதைத் தந்தையரின் தொழிற்சாலைத் தளத்துப் பண்பாடு என்று கண்டார்: மேற்பார்வையாளனை ஏய்த்தல், கூட்டாளியைக் காட்டிக்கொடாமை, மூளை வேலையை எள்ளல். பாடசாலை சொல்லும் முன்னேற்றக் கதையின் பொய்யை அப்பையன்கள் உணர்ந்திருந்தனர். ஆனால் அவ்வுணர்வே அவர்களைப் படிப்பை உதறச் செய்து, தாமாகவே விரும்பித் தந்தையரின் கடூழிய வேலைக்குள் நுழைய வைத்தது. எதிர்ப்பே விலங்காகும் இவ்விந்தையை இத்தனை தெளிவாகக் காட்டிய நூல் வேறு நான் படித்ததில்லை. பின்வாங்கில் இருந்து சிரிக்கும் பையனை வகுப்புக்கு வெளியே அனுப்புமுன் நாம் ஒரு கணம் தயங்க வேண்டியதன் காரணமும் அதிலே உண்டு.

மற்றையது 1978இல் ஹோல் உட்பட ஐவர் எழுதிய நூல். 1972 நவம்பரில் பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வேர்த் பகுதியில் மூன்று இளைஞர் ஒருவரைத் தாக்கிக் கொள்ளையிட்டனர். ஒருவனுக்கு 20 ஆண்டுச் சிறை, மற்றிருவருக்குப் பத்துப் பத்து ஆண்டு. மையத்தின் வாயிலுக்கு அண்மையில் நிகழ்ந்த இச்சம்பவத்திலிருந்து நூல் தொடங்குகிறது. வழிப்பறி பிரித்தானியாவுக்குப் புதிதன்று. அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வந்த அதற்கான புதுச்சொல்லே புதிது. அச்சொல்லுடன் கறுப்பின இளைஞன் என்ற உருவமும் ஒட்டிக்கொண்டது. பொருளாதார நெருக்கடியால் அச்சமுற்றிருந்த சமூகத்துக்கு அச்சத்தின் முகம் ஒன்று தேவைப்பட்டது. பத்திரிகையும் நீதிமன்றமும் பொலிசும் அதை வழங்கின. மக்கள் கடுமையான அரசை விரும்பி ஏற்றனர். ஒரு சமூகத்தின் இளைஞர் அனைவரையும் ஒரு சொல்லால் ஐயத்துக்குரியவராக்கும் வித்தை எத்தகையது என்று நமது நாட்டிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வாய்வுகளுக்குப் பின்னால் நின்றவர் இத்தாலிய மார்க்சியர் அந்தோனியோ கிராம்சி. 1926இற் கைதாகி 1937இல் மாண்ட அவரின் சிறைக்குறிப்புகளில் ஒரு பெருந்தொகுப்பு 1971இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அடக்குமுறையால் மாத்திரம் எவ்வர்க்கமும் ஆள்வதில்லை. ஆளப்படுவோரின் அன்றாடப் பொதுப்புத்தியில் இடம்பிடித்து, அவர்களின் இசைவைப் பெற்றே ஆள்கிறது. அவ்விசைவு ஒருபோதும் நிலையானதன்று என்பது அவர் கண்டது. சிறையிலிருந்து அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று, இத்தாலிய மக்கள் தம் நாட்டு எழுத்தாளரை விட்டு பிரெஞ்சுத் தொடர்கதைகளை ஏன் விரும்பி வாசிக்கின்றனர் என்பது. தம் அறிவாளர் தமக்கு அந்நியராக இருப்பதனால் என்று அவரே விடை கூறினார். ஈழத்து முற்போக்கு எழுத்தாளர், தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தக் கோரி நடத்திய இயக்கம் நியாயமான காரணங்களைக் கொண்டது. நமது பதிப்புத்துறைக்கு அது மூச்சளித்தது. ஆயினும் அச்சஞ்சிகைகளை நம் மக்கள் ஏன் அத்துணை நேசித்தனர் என்ற கிராம்சியின் கேள்வியை நாம் போதியளவு கேட்கவில்லை.

ஈழத் தமிழருக்குப் பேர்மிங்ஹாம் அந்நியமான பெயரன்று. மையம் பிறந்த அதே காலத்தில் அதே பல்கலைக்கழகத்திற் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆராய்ந்து க. கைலாசபதி 1966இற் கலாநிதிப் பட்டம் பெற்றார், கா. சிவத்தம்பி 1970இற் பெற்றார். இந்தத் தொம்சன் முன்னர் கூறிய வரலாற்றாசிரியர் அல்லர். அயர்லாந்தின் பிளாஸ்கற் தீவிலே எழுத்தறியாத மீனவரின் அன்றாடப் பேச்சிற் கவிதையைக் கேட்டு, அதைக்கொண்டு ஹோமரை விளங்கிக்கொண்ட மார்க்சியர் அவர். அவ்வழியே கைலாசபதி சங்கப் பாடலில் பாணரின் வாய்மொழியைக் கண்டார். அவரது ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வந்தது. சிவத்தம்பி அதைவிட ஓரடி நம் பொருளுக்கு நெருங்கி வந்தார். தமிழ்ச் சினிமாவை அரசியற் சாதனமாக ஆராய்ந்து 1981இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூலில் ஒரு கருத்து உண்டு: தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே, அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப் படிநிலை அன்று, கையிலுள்ள காசு. படத்தின் தரம் பற்றிய ஆயிரம் விமர்சனங்களை விட, கதிரைகளைப் பற்றிய இவ்வொரு கவனிப்புப் பெறுமதி மிக்கது. தமிழிற் பண்பாட்டாய்வு தொடங்கும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதையே காட்டுவேன்.

துறை பின்னர் பெருகிற்று. 1980களிலும் அதன்பின்னும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பாடநெறிகளும் சஞ்சிகைகளும் மாநாடுகளும் தோன்றின. பெருகியபோது நீர்த்ததும் உண்மை. பார்வையாளர் தொலைக்காட்சியின் செய்தியை அப்படியே விழுங்குவதில்லை, பேரம்பேசியும் எதிர்த்தும் வாசிப்பர் என்று ஹோல் 1973இற் சொன்னது சரியான கருத்து. அதனைச் சிலர் நீட்டி, பொருள் வாங்குவதே புரட்சி, கடைத்தெருவே போர்க்களம் என்னும் அளவுக்குக் கொண்டுசென்றனர். தொலைக்காட்சி நிலையம் யாருடையது, அதன் இலாபம் எங்கே செல்கிறது என்ற பழைய கேள்விகள் அவர்களின் கட்டுரைகளில் மங்கின. மக்களின் ரசனையை இகழ்ந்த லீவிசும், அதை எல்லாம் எதிர்ப்பென்று புகழ்ந்த இவர்களும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர்: இரு சாராருமே அம்மக்களுடன் அமர்ந்து விவாதிக்கும் இரண்டாவது மணி நேரத்தை இழந்தவர்கள்.

2002இற் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் தன் பண்பாட்டாய்வு, சமூகவியல் திணைக்களத்தை மூடிற்று. அங்கு பயில மாணவர் வராமற் போகவில்லை. முந்திய ஆண்டு அரசாங்கத்தின் ஆராய்ச்சி மதிப்பீட்டில் அத்திணைக்களத்துக்குக் குறைந்த புள்ளி கிடைத்தது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. மாணவர் எதிர்த்தனர், பிற நாடுகளின் அறிஞர் கடிதம் எழுதினர், முடிவு மாறவில்லை. பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம் என்று ஆர்னல்ட் எதிர்த்த முறை வேறு உடையில் திரும்பி வந்திருந்தது.

ஹோல் அப்போது அங்கு இல்லை. 1979இலேயே அவர் மையத்தை விட்டுத் திறந்த பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். சேர்வதற்கு முன்தகைமை கேட்காத நிறுவனம் அது. தொழிற்சாலை ஊழியரும் இல்லத்தரசிகளும் தாதியரும் வேலை முடிந்தபின் தபாலில் வந்த பாடங்களைப் படித்தனர், பீ.பீ.ஸீ. தொலைக்காட்சியில் விடியற் புறத்திலும் நள்ளிரவிலும் ஒளிபரப்பான விரிவுரைகளைப் பார்த்தனர். 1997இல் ஓய்வு பெறும்வரை, அத்தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாக ஹோல் அவர்களுக்குக் கற்பித்தார்.